மெஷின்களுக்குப் பொறுப்பேற்பவருக்குச் சட்டம் விதிக்கும் கடமைகள்: படிப்படியான வழிகாட்டி

தொழிற்கூடம் ஒன்றில் மெஷின்களுக்குப் பொறுப்பாகப் புதிதாக அமர்த்தப்பட்டவருக்கும், நாலைந்து மெஷின்களை வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவருக்கும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: சட்டம் என்னிடம் என்னதான் எதிர்பார்க்கிறது? சட்டப் புத்தகத்தைத் திறந்தால் பிரிவுகளும் உட்பிரிவுகளும் விதிகளும் அட்டவணைகளும் மலைப்பூட்டுகின்றன. அவை நாட்டுக்கு நாடு வேறுபடவும் செய்கின்றன. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அடிப்படையாக இருந்தது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதன் இடத்தைத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொடர்பான 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் உள்ளது. மலேசியா 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தை 2024 ஜூன் 1 முதல் நீக்கிவிட்டு, திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனைத்தையும் கொண்டுவந்தது. பிரிட்டனில் பணிக்கருவிகளுக்கென்றே 1998ஆம் ஆண்டின் தனி ஒழுங்குவிதிகள் உண்டு.

பெயர்கள் இத்தனை இருந்தாலும் எலும்புக்கூடு பெரும்பாலும் ஒன்றே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 119ஆம் உடன்படிக்கையும் (1963, இயந்திரங்களுக்குக் காப்பு அமைத்தல்), 155ஆம் உடன்படிக்கையும் (1981, தொழில்சார் பாதுகாப்பும் சுகாதாரமும்) வகுத்த கடமைகளைத்தான் பல நாட்டுச் சட்டங்களிலும் வேறு வேறு சொற்களில் காண்கிறோம். 2022 ஜூன் மாதத்தில் அந்த அமைப்பு, பாதுகாப்பான, உடல்நலத்துக்குக் கேடில்லாத பணிச்சூழலை வேலையின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவும் சேர்த்துவிட்டது. ஆகவே இந்த வழிகாட்டி பொதுவான கடமைகளை வரிசைப்படுத்துகிறது. குறிப்பிட்ட நாட்டின் விதி ஒரு கருத்தைத் தெளிவாக்கும் இடங்களில் மட்டும் அதை எடுத்துக்காட்டுகிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தையும், மாநில விதிகள் இருந்தால் அவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு முயன்றீர்கள், எத்தனை கோப்புகள் வைத்திருக்கிறீர்கள் என்பதைச் சட்டம் இரண்டாவதாகவே பார்க்கும். தொழிலாளி மெஷினின் முன்னால் நின்ற அந்த நேரத்தில் அது எந்த நிலையில் இருந்தது என்பதே அதன் முதல் கேள்வி. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை தயாரிப்பவைதான்.

படி 1: பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் தெளிவாக்குங்கள்

மெஷின் யாருடைய சொத்து என்பதைவிட, அது யாருடைய கட்டுப்பாட்டில் ஓடுகிறது என்பதையே பெரும்பாலான சட்டங்கள் பார்க்கின்றன. வாடகைக்கு எடுத்த கம்ப்ரசராக இருந்தாலும், தொழிலாளி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கை ட்ரில்லாக இருந்தாலும், உங்கள் வேலைக்காக உங்கள் இடத்தில் அது பயன்படுமானால் கடமை உங்களையும் சேர்கிறது. இந்திய 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஆலையின் நடவடிக்கைகள்மீது இறுதிக் கட்டுப்பாடு உள்ளவரைப் பொறுப்பாளராக ஆக்கியது. நிறுவனமாக இருந்தால் அதன் இயக்குநர்களில் ஒருவரே அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றது. மேலாளர் ஒருவரைக் காகிதத்தில் நியமித்துவிட்டு இயக்குநர்கள் ஒதுங்கிக்கொள்வதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று ஒப்பந்ததாரர்கள் வேலை செய்யும் இடங்களில்தான் குழப்பம் அதிகம். கிரேன் ஒருவருடையது, ஸ்லிங் (சுமையைக் கட்டித் தூக்கும் பட்டை அல்லது கயிறு) இன்னொருவருடையது, சரக்கு மூன்றாமவருடையது என்று இருக்கும்போது விபத்து நடந்தால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள். 155ஆம் உடன்படிக்கை, ஒரே பணியிடத்தில் இருக்கும் நிறுவனங்கள் பாதுகாப்பு விஷயத்தில் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. எனவே எந்த மெஷினை யார் பராமரிப்பது, யார் பரிசோதிப்பது, யார் நிறுத்தச் சொல்லலாம் என்பதை வேலை தொடங்குமுன்பே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

தொழிலாளிக்கும் கடமை உண்டு. காப்பு மூடியைக் கழற்றக் கூடாது, பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்யக் கூடாது, குறையைக் கண்டால் சொல்ல வேண்டும். ஆனால் தொழிலாளி தவறினார் என்பதே உங்கள் பொறுப்பை நீக்கிவிடாது. மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் பல நாளாக இருந்தது, சூப்பர்வைசர் கண்டும் காணாமல் போனார் என்று விசாரணையில் தெரிந்தால், அது நிர்வாகத்தின் குற்றமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

படி 2: இருப்பது அனைத்தையும் பட்டியலிடுங்கள்

பெரிய மெஷின்களை யாரும் மறப்பதில்லை. ஏணி, ஜாக்கி, கையால் தள்ளும் டிராலி, வெல்டிங் செட், செயின் புல்லி, ஷாக்கிள் (தூக்கும்போது இணைக்க உதவும் இரும்பு வளையம்) ஆகியவைதான் பட்டியலில் விட்டுப்போகும். அவையும் பணிக்கருவிகளே. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அது இருக்கும் இடம், தயாரித்தவர், தயாரித்த ஆண்டு, வரிசை எண், எந்த ஆற்றலில் ஓடுகிறது, கையேடு இருக்கிறதா, எந்தப் பாகம் ஆளைக் காயப்படுத்தும் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கும் கருவிகளுக்குப் பாதுகாப்பான சுமை அளவும், அழுத்தக் கலன்களுக்கு அனுமதிக்கப்பட்ட அழுத்தமும் கட்டாயம் வேண்டும்.

எந்தப் பாகம் ஆளைக் காயப்படுத்தும் என்ற தகவலை நிரப்பத்தான் நேரம் எடுக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து அதை நிரப்ப முடியாது. மெஷின் ஓடும்போது பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்க வேண்டும்: எங்கே சுழல்கிறது, எங்கே இரண்டு பாகங்கள் சேர்ந்து கடிக்கின்றன, எங்கே வெட்டுகிறது, எங்கிருந்து துண்டு தெறிக்கும், எது சூடாகிறது. வேலை ஓடும் நேரத்தை மட்டும் பார்ப்பது போதாது. அடைப்பு எடுக்கும்போதும், டை (பொருளுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றும்போதும், சுத்தம் செய்யும்போதும் கை எங்கே போகிறது என்று அந்த வேலையைச் செய்பவரிடமே கேளுங்கள்.

படி 3: வாங்கும்போதே சட்டத்தைப் பாருங்கள்

காப்பில்லாத மெஷினை விற்பதும் வாடகைக்கு விடுவதும் கூடத் தடுக்கப்பட வேண்டும் என்பது 119ஆம் உடன்படிக்கையின் தொடக்க விதிகளில் ஒன்று. இந்திய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இதை மிக நுணுக்கமாகச் சொன்னது: சுழலும் தண்டில் உள்ள செட் ஸ்க்ரூ, போல்ட், சாவி (சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் ஆப்பு) ஆகியவை வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது, உள்ளே அமிழ்ந்திருக்க வேண்டும் அல்லது மூடப்பட்டிருக்க வேண்டும். துருத்தும் ஒரு ஸ்க்ரூ தலை சட்டை நுனியைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர்கள் எழுதிய பிரிவு அது.

விற்பவர்மீது கடமை இருப்பதால் வாங்குபவர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. தரச் சின்னம் ஒட்டியிருக்கிறது என்பது தயாரிப்பாளரின் அறிவிப்பு மட்டுமே. உங்கள் இடத்தில், உங்கள் வேலைக்கு, உங்கள் ஆட்களுக்கு அது பொருத்தமா என்று பார்ப்பது உங்கள் கடமை. ஆர்டர் கொடுக்கும்போதே மூன்று நிபந்தனைகளை எழுதிவிடுங்கள்: காப்பு மூடிகள் அனைத்தும் பொருத்தப்பட்டு வர வேண்டும்; மின் வரைபடமும் கையேடும் உடன் வர வேண்டும்; கையேட்டின் இயக்கமும் பராமரிப்பும் பற்றிய பகுதி ஓட்டுபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

பழைய மெஷின் வாங்குபவர்கள் இங்கே இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். கை மாறிக் கை மாறி வந்த மெஷினில் முதலில் காணாமல் போவது மூடியும் கையேடும்தான். மெஷினை நீங்களே மாற்றியமைத்தாலும் சட்ட நிலை மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இயந்திர ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20 முதல் பொருந்தவிருக்கிறது. பாதுகாப்பைப் பாதிக்கும் பெரிய மாற்றம் செய்பவரை அது தயாரிப்பாளராகவே கருதுகிறது. வேகத்தைக் கூட்டப் புல்லியை மாற்றுவது, பெடலுக்குப் பதில் தானியங்கி ஊட்டியை (பொருளை மெஷினுக்குள் தள்ளும் கருவியை) இணைப்பது போன்றவை சிறு வேலைகளாகத் தெரியலாம். ஆனால் பழைய காப்பு அந்தப் புதிய ஓட்டத்துக்குப் போதாமல் போய்விடும்.

படி 4: ஆபத்தான பாகத்துக்குக் காப்பு அமைத்தல்

சட்டத்தின் இதயம் இந்தப் படியில்தான் இருக்கிறது. நேரம் குறைவாக இருப்பவர்கள் இதையும் அடுத்த படியையும் முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

மெஷினுக்கு வேலி அமைக்க வேண்டும் என்ற கடமை புதிதன்று; பிரிட்டனின் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. இந்திய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, காப்பு உறுதியான கட்டமைப்புடன் இருக்க வேண்டும், தொடர்ந்து பராமரிக்கப்பட வேண்டும், அது மறைக்கும் பாகம் அசையும்போதெல்லாம் தன் இடத்தில் இருக்க வேண்டும் என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கடமை நிறைவேறவில்லை. சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்ட மூடி சட்டத்தின் பார்வையில் இல்லாத மூடி.

இந்தக் கடமை எவ்வளவு கடுமையானது என்பதை 1955இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்தது) தீர்த்த சாணைச் சக்கர வழக்கு காட்டுகிறது. சக்கரத்தை முழுவதும் மூடினால் அதில் சாணை பிடிக்கவே முடியாது என்று நிறுவனம் வாதிட்டது. பாதுகாப்பாக மூடினால் மெஷின் பயன்படாமல் போகும் என்பது சட்டத்துக்கு விடையாகாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். நடைமுறைக்கு இது ஒத்துவராது என்பதால், பின்னாளில் வந்த விதிகள் ஒரு வரிசையை வகுத்தன. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி முதலில் முழுமையாக மூடும் நிலையான காப்பு. அது முடியாத அளவுக்கு வேறு வகைக் காப்போ பாதுகாப்புக் கருவியோ. அதுவும் முடியாத அளவுக்குத் தள்ளுகோல், பிடிப்பான் போன்ற துணைக்கருவிகள். இவற்றோடு தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும். வரிசையின் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். அறிவிப்புப் பலகையும் கையுறையும் வாங்கிக் கொடுத்துக் கீழிருந்து தொடங்குவதே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. சோதிக்க வரும் அரசு ஆய்வாளர் முதலில் பிடிப்பதும் அதையே. போதாததற்கு, சுழலும் ட்ரில் பிட்டுக்கு அருகில் கையுறை போடுவது காப்பே அன்று. துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

மூடியில் இருக்கும் இடைவெளியும் முக்கியம். ஐ.எஸ்.ஓ. 13857 என்ற தர நெறி, திறப்பின் அகலத்தையும் ஆபத்தான பாகம் இருக்கும் தூரத்தையும் இணைத்துச் சொல்கிறது. நீண்ட பிளவு 12 முதல் 20 மில்லிமீட்டர் அகலம் வரை இருந்தால், ஆபத்தான பாகம் குறைந்தது 120 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். திறப்பு 40 முதல் 120 மில்லிமீட்டர் வரை என்றால் முழுக் கையும் நுழையும். தூரம் 850 மில்லிமீட்டர் வேண்டும். கம்பி வலை வாங்கி மூடி செய்யச் சொல்லும்போது வலைக்கண்ணின் அளவை வெல்டரின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் இந்த அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொடுங்கள்.

எல்லாத் தொழிற்கூடங்களிலும் இருக்கும் மேசைச் சாணை மெஷினை எடுத்துக்கொண்டு ஒருமுறை முழுமையாகச் சோதித்துப் பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, சக்கரம் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். பொருளைத் தாங்கும் இரும்புத் தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அமெரிக்க விதிப்படி அது 3.2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மேலே இருக்கும் நாக்குத் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே 6.4 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. புதுச் சக்கரம் போட்ட அன்று இந்த அளவுகள் சரியாக இருக்கும். சக்கரம் தேயத் தேய இடைவெளி தானாக விரியும், பிடித்திருக்கும் இரும்புத் துண்டு ஒருநாள் அதற்குள் இழுக்கப்பட்டுச் சக்கரம் வெடிக்கும். எனவே தேய்மானத்துக்கேற்பத் தட்டை நகர்த்துவது பராமரிப்பின் ஒரு பகுதி. புதுச் சக்கரம் மாட்டுமுன் அதன் லேபிளில் உள்ள வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இல்லை என்று பாருங்கள். பிறகு சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்ற ஒலி வந்தால் நல்லது, மந்தமான ஒலி வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது என்று ஒதுக்கிவிட வேண்டும். மெஷினின் அருகில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகத்தை எழுதி ஒட்டவும் வேண்டும். இந்திய 1948ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென்றே 30ஆம் பிரிவை வைத்திருந்தது.

கதவைத் திறந்தால் மெஷின் நிற்கும்படி அமைத்த சுவிட்சுகளைப் பற்றி ஒரு சொல். உற்பத்தி அவசரத்தில் அவற்றைக் காந்தம் வைத்தோ கம்பி கட்டியோ ஏமாற்றுவது பரவலான பழக்கம். அப்படிக் கட்டிய கம்பியைப் பார்த்தால் ஆளைத் திட்டுவதோடு நிறுத்தாமல், அந்தக் கதவை ஏன் அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அடைப்போ, சரியாக அமையாத ஊட்டியோ காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்தால் கம்பிக்கு வேலை இருக்காது. மஞ்சள் பின்னணியில் சிவப்பாக இருக்கும் அவசர நிறுத்தப் பொத்தானும் காப்புக்கு மாற்றாகாது. அதை அழுத்தும் நேரத்துக்குள் கை போய்விட்டிருக்கும். அந்தப் பொத்தானை விடுவித்தவுடன் மெஷின் தானாக ஓடத் தொடங்கக் கூடாது என்பதையும் சோதித்துவிடுங்கள்.

படி 5: கை வைக்குமுன் ஆற்றலைப் பூட்டுதல்

பழுது பார்க்கும்போதும் சுத்தம் செய்யும்போதும் காப்பு மூடி கழற்றப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் ஆளைக் காப்பது மெஷின் ஓடாது என்ற உறுதி ஒன்றே. அமெரிக்காவில் இதற்கென 1989இல் ஒரு தனி விதி கொண்டுவரப்பட்டது. மற்ற நாடுகளின் சட்டங்களும் ஆற்றல் மூலங்களிலிருந்து மெஷினைத் துண்டிக்கும் வசதி வேண்டும் என்கின்றன. நடைமுறை கீழ்க்கண்டவாறு அமைய வேண்டும்.

மெஷினை ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் முதலில் தெரிவிக்க வேண்டும். வழக்கமான பொத்தானால் மெஷினை நிறுத்த வேண்டும். அதன்பின் மெயின் சுவிட்சை அணைத்து, வேலை செய்பவர் தன்னுடைய சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டுகள். ஒருவருக்காக இன்னொருவர் பூட்டுவதில்லை. மின்சாரத்தோடு காற்றழுத்தம், ஹைட்ராலிக், நீராவி, எரிவாயு என வேறு வரத்துகள் இருந்தால் ஒவ்வொன்றின் வால்வையும் தனித்தனியே பூட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மெஷினுக்குள் ஆற்றல் தங்கியிருக்கும் என்பதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். பிரஸ்ஸின் (பொருளை அழுத்தி வடிவமைக்கும் மெஷினின்) மேல் டை காற்றழுத்தத்தால் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தால், காற்றை வெளியேற்றிய கணமே அது கீழே விழும். ஆகவே காற்றைத் திறக்குமுன் அதற்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இறுக்கிய ஸ்பிரிங், சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீல், கெபாசிட்டரில் தங்கிய மின்சாரம், குழாயில் அடைபட்ட வெந்நீர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். தங்கிய ஆற்றலை வெளியேற்றிய பின், ஆட்களை விலக்கிவிட்டு, ஓட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மெஷின் அசையாவிட்டால், பொத்தானை மீண்டும் நிறுத்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள், தவறான சுவிட்சைப் பூட்டியிருக்கக்கூடும் என்பதை நினைப்பதில்லை. மின்பாகத்தில் கை வைப்பதாக இருந்தால் டெஸ்டரால் பார்ப்பதும் கட்டாயம். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று, மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த இடத்தில் முன்னும் பின்னும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

"ஆள் வேலை செய்கிறார்" என்ற அட்டையை மட்டும் தொங்கவிடுவது பூட்டுக்கு இணையாகாது. அட்டை கையைத் தடுக்காது. ஷிப்ட் மாறும்போது புதியவர் தன் பூட்டைப் போட்ட பிறகே பழையவர் தன் பூட்டை எடுக்க வேண்டும். பூட்டியவர் மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கும் எழுத்திலான நடைமுறை வேண்டும். இல்லையென்றால் பொறுமையிழந்த யாரோ ஒருவர் பூட்டை அறுத்துவிடுவார்.

சில கோளாறுகளை மெஷின் ஓடும்போதுதான் பார்க்க முடியும். அதற்குச் சட்டம் குறுகிய வழி ஒன்றை விட்டுவைத்திருக்கிறது. இந்திய 1948ஆம் ஆண்டுச் சட்டம், சிறப்புப் பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டு, நிர்வாகம் கொடுத்த இறுக்கமான உடை அணிந்தவர் மட்டுமே அப்படிச் செய்யலாம் என்றது. தளர்ந்த சட்டையோடு, எட்டிப் பார்க்கத்தானே என்று யாரையும் அனுப்பாதீர்கள்.

படி 6: பராமரிப்பும் பரிசோதனையும்

இவை இரண்டும் வெவ்வேறு கடமைகள். பராமரிப்பு என்பது மெஷினை நல்ல நிலையில் வைத்திருப்பது. பரிசோதனை என்பது அது அப்படி இருக்கிறதா என்று தகுதியுள்ள ஒருவர் பார்த்து எழுத்தில் சொல்வது. சர்வீஸ் செய்த ஃபிட்டரே சான்றிதழும் எழுதும் ஏற்பாட்டைச் சட்டம் எல்லா இடங்களிலும் தடுப்பதில்லை என்றாலும், நான் அதை விரும்புவதில்லை. தன் வேலையில் தானே குறை காண்பவர்கள் அரிது.

பராமரிப்புக் கடமையின் கடுமைக்கு, இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்த்த தபால்காரர் வழக்கைச் சொல்வார்கள். அவர் ஓட்டிய சைக்கிளின் முன் பிரேக்கின் ஒரு பாகம் திடீரென முறிந்து அவர் தூக்கி எறியப்பட்டார். எவ்வளவு கவனமாகச் சோதித்திருந்தாலும் அந்தக் குறையைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதை நீதிமன்றமும் ஏற்றது. ஆயினும் கருவி நல்ல நிலையில் இல்லை என்பதால் முதலாளியே பொறுப்பு என்று தீர்த்தது. 2013இல் வந்த சட்டத் திருத்தம் அங்கே இந்த விதிகளை மட்டும் வைத்து இழப்பீட்டு வழக்குத் தொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் விதிமீறலுக்கான குற்ற வழக்கு அப்படியே இருக்கிறது.

பரிசோதனைக்கான கால இடைவெளியைச் சில கருவிகளுக்குச் சட்டமே நிர்ணயித்துவிடுகிறது. இந்திய 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி லிஃப்ட்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், கிரேன், சங்கிலி, கயிறு போன்ற தூக்கும் கருவிகளுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் தகுதியுள்ள நபரின் முழுமையான பரிசோதனை தேவைப்பட்டது. பிரிட்டனில் ஆட்களைத் தூக்கும் கருவிகளுக்கும், ஸ்லிங், ஷாக்கிள் போன்ற துணைக்கருவிகளுக்கும் ஆறு மாதம். மற்றவற்றுக்குப் பன்னிரண்டு மாதம். விரல்களை அதிகம் பறித்த மெஷின்களில் ஒன்றான பவர் பிரஸ்ஸுக்கு அங்கே இன்னும் கடுமையான விதி உண்டு: டை மாற்றியதும், ஒவ்வொரு ஷிப்டின் முதல் நான்கு மணி நேரத்துக்குள்ளும், காப்பு சோதிக்கப்பட்டுக் கையொப்பமிடப்பட வேண்டும்.

சட்டம் நாள் குறிக்காத மெஷின்களுக்கு நீங்களே இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும். கையேட்டில் சொன்னதில் தொடங்குங்கள். தூசி, ஈரம், மூன்று ஷிப்ட் ஓட்டம் இருந்தால் அதைக் குறையுங்கள். மெஷினை இடம் மாற்றியபின், மோதல் அல்லது வெள்ளம் போன்றவற்றுக்குப் பின், நெடுநாள் நிறுத்தி வைத்தபின் தனிப் பரிசோதனை வேண்டும். குறை கண்டால் அந்த மெஷினைச் சரிசெய்யும்வரை பூட்டி வைக்க வேண்டும். "பார்த்து ஓட்டுங்கள்" என்பது சட்டம் ஏற்கும் இடைக்கால ஏற்பாடு அன்று.

படி 7: ஓட்டுபவருக்குப் பயிற்சி

பயிற்சி என்றால் கையொப்பம் வாங்குவதன்று. ஓட்டுபவர் மெஷினை நிறுத்திக் காட்ட வேண்டும், காப்பு மூடி ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்ல வேண்டும், அடைப்பு வந்தால் என்ன செய்வார் என்று செய்து காட்ட வேண்டும். மெஷின் மாறினாலோ, வேலை மாறினாலோ மறுபடியும் பயிற்சி தேவை. மேற்பார்வை செய்பவருக்கும் பயிற்சி வேண்டும் என்பதைச் சில நாடுகளின் விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. பதினெட்டு வயது நிறையாதவர்களை ஆபத்தான மெஷின்களில் அமர்த்துவதற்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ பெரும்பாலான நாடுகளில் உண்டு. வயதுச் சான்றைக் கேட்காமல் யாரையும் மெஷின்முன் நிறுத்த வேண்டாம்.

பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான செலவு எதையும் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்கிறது 155ஆம் உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு. பூட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் நிர்வாகத்தின் செலவு. தன் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகிய தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து குறை சொன்னால், அவர் சொன்னது, சொன்ன நேரம், நீங்கள் எடுத்த நடவடிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள்.

படி 8: பதிவேடுகள்

மெஷின் பட்டியல், ஆபத்து மதிப்பீடு (எந்த வேலையில் எந்தப் பாகம் ஆளைக் காயப்படுத்தும் என்று படி 2இல் பார்த்துக் குறித்தது), பராமரிப்பு லாக் புத்தகம், பரிசோதனைச் சான்றிதழ்கள், பயிற்சிப் பதிவு ஆகிய ஐந்தும் ஆய்வாளர் கேட்டவுடன் எடுத்துக்கொடுக்கும் இடத்தில் இருக்கட்டும். நடந்த அன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரே பேனாவால் ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்ட லாக் புத்தகம் எதையும் நிரூபிக்காது. அனுபவமுள்ள ஆய்வாளர் அதைத் திறந்த மாத்திரத்தில் கண்டுகொள்வார்.

படி 9: விபத்து நடந்துவிட்டால்

காயமடைந்தவரைக் கவனிப்பதும், மெஷினின் ஆற்றலைத் துண்டிப்பதும் முதல் வேலை. அதன்பின் எதையும் நகர்த்தாதீர்கள். கழன்ற மூடியை அவசரமாக மாட்டுவது சாட்சியத்தை அழித்ததாகக் கொள்ளப்படும். அதற்குத் தனித் தண்டனை வரலாம். அறிவிக்க வேண்டிய கெடு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் உயிரிழப்பை எட்டு மணி நேரத்துக்குள்ளும், உறுப்பு துண்டாதல், கண் இழப்பு, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்படுதல் ஆகியவற்றை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இந்திய 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயிரிழப்போடு, காயமடைந்தவர் நாற்பத்தெட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போகும் விபத்துகளும் அறிவிக்கப்பட வேண்டியவையாக இருந்தன. உங்கள் நாட்டின் கெடுவையும் அழைக்க வேண்டிய அலுவலகத்தின் எண்ணையும் இன்றே எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். விபத்து நாளில் தேட நேரம் இருக்காது.

ஆள் தப்பித்த சம்பவங்களையும் பதிவு செய்யுங்கள். எல்லா நாட்டுச் சட்டமும் இதைக் கேட்பதில்லை. ஆனால் சட்டை நுனி மட்டும் சிக்கிக் கிழிந்த இடத்தில்தான் அடுத்த முறை கை சிக்கும்.

படி 10: மெஷினை விற்கும்போதும் கழிக்கும்போதும்

பயன்பாடு முடிந்தாலும் கடமை முடிவதில்லை. இன்னொருவர் ஓட்டுவதற்காக விற்கும்போது நீங்களே இப்போது விற்பனையாளர். படி 3இல் நீங்கள் கேட்ட அனைத்தும் உங்களிடம் கேட்கப்படும். காப்பு மூடிகள், கையேடு, கடைசிப் பரிசோதனைச் சான்றிதழ், தெரிந்த குறைகளின் பட்டியல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். பழைய இரும்பாகப் போவதாக இருந்தால் தங்கியிருக்கும் அழுத்தத்தையும் எண்ணெயையும் வெளியேற்றி, மின் கேபிளை வேரோடு எடுத்து, யாரும் மறுபடி ஓட்ட முடியாதபடி ஒரு முக்கியப் பாகத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள். ஸ்லிங்கும் சங்கிலியும் இதில் தனிக் கவனம் கேட்பவை. குப்பையில் போட்ட ஸ்லிங் அடுத்த வாரமே வேறொரு கொக்கியில் தொங்கும் என்பதால், அதை இரண்டாக வெட்டிய பிறகே பட்டியலில் அதன் எண்ணை அடியுங்கள்.